மினேயோவின் முதுகில் விளைந்த நார்

பெருவெள்ளம் வந்து போனதற்கு மறு ஆண்டு, பிளம் காய்கள் பழுக்கும் மழையில், மினேயோவின் முதுகில் ஷுரோ நார் முளைத்தது. முதலில் தோள்பட்டைகளுக்கு நடுவே கையகலப் பழுப்புத் திட்டாகத்தான் இருந்தது. சில நாளில் இடுப்புவரை இறங்கி, மலைச்சரிவில் நிற்கும் ஷுரோப் பனைகளின் தண்டைச் சுற்றியிருக்கும் பன்னாடையைப் போலவே, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய சல்லடைத் துணியாக மடிந்து கிடந்தது. கீழூர் டாக்டர் குடையோடு வந்து பார்த்தார். இடுக்கியால் ஓர் இழையைப் பிடுங்கிக் கொளுத்தி முகர்ந்துவிட்டு, இது தோல் வியாதி இல்லை, மரவகை, தனக்கு மரத்தைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது என்று சொன்னார். வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று அரிப்புக்கு ஒரு களிம்பை வைத்துவிட்டுப் போனார். மினேயோவின் கணவன் கிசபுரோவுக்கு மரத்தைப் பற்றித் தெரியும். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறி, ஷுரோ மரங்களில் பன்னாடை உரிப்பதுதான் அவன் பிழைப்பு. மனைவியைத் திரும்பி உட்காரச் சொல்லி, நாரை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தான். நீளம் பார்த்தான், முறுக்கிப் பார்த்தான், எண்ணெய்ப் பதம் பார்த்தான்.

"முதல் தரம்," என்றான். அவனுக்குச் சொல்லத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

"இதை என்ன பண்றது?"

"உரிச்சாத்தான் மரம் மூச்சு விடும். உனக்கும் உரிச்சிடலாம்."

"வலிக்குமா?"

"இதுவரைக்கும் எந்த மரமும் சொன்னதில்ல."

அதிகம் வலிக்கவில்லை. ஈரத்துணியை உடம்பிலிருந்து கழற்றுவது போல இருந்தது. அன்று மாலை தேயிலைக் கஞ்சியை அவள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் குடித்து முடித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி நடந்ததில்லை.

மினேயோ மலைக்காரி இல்லை. ஷிமொட்சு துறைமுகத்தில் பிறந்தவள். அவள் அப்பா ஆரஞ்சுப் பழம் ஏற்றிப் போகும் படகில் வேலை பார்த்தார். படகு திரும்பி வரும்வரை கல்படியில் காத்திருப்பதும், வந்ததும் அடுத்தது எங்கே என்று கேட்பதுமாக வளர்ந்தவள், எந்தப் படகிலும் ஏறாமலே இருபத்தோரு வயதில் கிஷி ஆற்றங்கரை மலைக்கிராமத்துக்கு மருமகளாக வந்து சேர்ந்தாள். வந்த இடத்தில் கால் தங்கவில்லை. டோஃபு வாங்கப் போனால் எதிர்மலை முகட்டைச் சுற்றிக்கொண்டு வருவாள். சோற்றுப் பானை கொதிக்கும்போது பாலத்தில் நின்று, கடலோரக் கைனானுக்குப் போகும் சின்ன ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருவாள். கிசபுரோவோ நேர்மாறு. மரத்தின் உச்சியில் காற்றில் ஆடிக்கொண்டே புகை பிடிப்பவன், ரயிலில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷனிலேயே வாந்தியெடுத்து இறங்கிவிடுவான். ஒரே தடவை முயன்று பார்த்து, அதோடு விட்டுவிட்டான். அவனுடைய அம்மா தாட்சு கைனானுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. பார்க்க ஒன்றும் இருக்காது என்பது அவள் கட்சி.

"உங்கப்பன் உன் காலுல சக்கரத்தைக் கட்டித்தான் அனுப்பினானா?" என்று மருமகளை நாளுக்கொரு தரம் கேட்பாள். "பன்னாடைன்னு ஊர்ல சும்மா திட்டுவாங்க. எனக்கு மருமகளே பன்னாடையா வாய்ச்சிருக்கா." முதுகில் நார் விளைந்த பிறகு இதைச் சொல்லிச் சொல்லித் தானே சிரித்தாள்.

சிரித்தாலும் நாரைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டை ஒட்டிய கொட்டகையில் உட்கார்ந்து, பாத்திரம் தேய்க்கும் தவாஷி கட்டுவதுதான் அவளுக்கு நாற்பது வருஷ வேலை. உரித்த நாரை அலசிக் காயவைத்து, விரல்நீளத்துக்கு வெட்டினாள். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் சீராகப் பரப்பிக் கைப்பிடியைச் சுழற்றினாள். கம்பி முறுக்கிக்கொள்ள, நார் நாலாபக்கமும் சிலிர்த்து நின்றது. பிசிறைக் கத்தரித்து, வளைத்து, நுனியைச் சேர்த்துக் கட்டினாள். கையில் வைத்துப் பார்த்தபோது அது தண்ணீர் கேட்பது போல இருந்தது என்று பின்னால் சொன்னாள். முதலாவதைப் பக்கத்து வீட்டு சதாயேவுக்குச் சும்மா கொடுத்தாள்.

சதாயே அதை வைத்துச் சோற்றுப் பானையைத் தேய்த்தாள். பானையைக் கழுவிக் கவிழ்த்தாள், சமையல் மேலங்கியில் கையைத் துடைத்தாள், துடைத்தபடியே வீட்டைவிட்டு இறங்கிப் பாலத்தைக் கடந்து போய்விட்டாள். மேலங்கியைக்கூட அவிழ்க்கவில்லை. வாரக் கடைசியில் மூக்கு வெயிலில் உரிந்துபோய்த் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து துணி துவைக்க ஆரம்பித்தாள்.

"எங்கடி போனே?" என்று தாட்சு வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள்.

"கடல் வரைக்கும்."

"எதுக்கு?"

"பானை தேய்ச்சிட்டிருந்தேன். போகணும்னு இருந்துச்சு."

அதற்குள் மற்ற தவாஷிகள் எல்லாம் கொள்முதல்காரர் ஒகுனோவின் மூட்டைகளில் ஏறி ஒசாகாவுக்குப் போயிருந்தன. அங்கே ஒரு நூடுல்ஸ் கடைக்காரி கொதிக்கும் சூப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள். பள்ளிக்கூட நடைபாதை தேய்க்கும் பெண்கள் மூவர் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். பொதுக்குளியல் வீடு ஒன்றில் தொட்டி தேய்க்கும் கிழவர் செருப்பு மாற்றாமல் நடந்து, ஆறாவது நாள் ஒரு கலங்கரை விளக்கத்தடியில் உட்கார்ந்திருந்தார். முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டார்கள். ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள்.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஒகுனோ நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார். சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று தாட்சு தயாராக நின்றாள்.

"தாட்சு அம்மா, இந்தச் சரக்குல என்ன கலந்தீங்க?"

"நாரு. வேறென்ன கலப்பாங்க?"

"கடைக்காரங்க நச்சரிக்கிறாங்க. பொம்பளைங்க வந்து, அந்தப் போகச் சொல்ற தவாஷி இருக்கான்னு கேக்குறாங்களாம். இன்னும் கிடைக்குமா?"

கிடைத்தது. மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை உரித்த முதுகை இப்போது வாரா வாரம் உரிக்க வேண்டியிருந்தது. கிசபுரோ காலையில் மலைக்குப் போவதற்கு முன் கத்தியைத் தீட்டிக்கொண்டு வருவான். மினேயோ சட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி உட்காருவாள். உரிக்க உரிக்க அவளுக்கு உடம்பு லேசானது. டோஃபு வாங்கப் போனால் நேராகத் திரும்பி வந்தாள். அரிசியை அளந்தாள், கழுவினாள், கொதிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். தாட்சு மகனிடம், "சக்கரம் கழண்டுடுச்சு," என்றாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது நல்ல காலமாகத்தான் தோன்றியது, மினேயோவுக்கும்கூட.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒசாகா கணவர்கள் ரயிலேறி வந்தார்கள். தொப்பியும் நசுங்கிய கோட்டுமாக, கொட்டகை வாசலில் வரிசையாக நின்று, இந்த உற்பத்தியை நிறுத்த வேண்டும் என்றார்கள். தாட்சு அவர்களை உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினாள். ஒவ்வொருவரிடமும், உங்க வீட்டுக்காரி எங்கே போனாள் என்று விசாரித்தாள். ஒருத்தி வெந்நீர் ஊற்றுக்குப் போனாளாம். ஒருத்தி வடக்கே பனி பார்க்கப் போனாளாம். ஒருத்தி மாடு ஏற்றிப்போகும் கப்பலில் ஏறி, மாட்டுக்காரர்களுக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டே அடுத்த தீவுக்குப் போனாளாம். தாட்சு கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே சொல்லுங்க, பனி எவ்வளவு உயரம், கப்பல்ல படுக்க இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தேநீர் ஆறிப்போனது.

"எல்லாரும் முதல்ல போறது கடலுக்குத்தாம்மா," என்றார் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர். "என் சம்சாரம் கடலையே பார்த்ததில்ல. துறைமுகத்துல போய், ஆரஞ்சுப் படகு எப்ப வரும்னு கேட்டாளாம். எங்க குடும்பத்துல ஆரஞ்சுக்கும் படகுக்கும் சம்பந்தமே கிடையாது."

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரவர் மனைவியும் அதையேதான் கேட்டிருந்தாள்.

மினேயோ கதவருகே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தினாள். அந்நேரம் கைனான் ரயில் ஊதிக்கொண்டு பாலத்தைக் கடந்தது. அது போன பிறகுதான், தான் தலையைத் தூக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. எத்தனை நாளாகத் தூக்கவில்லை என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை. கணவர்கள் போனதும் சதாயேவிடம் போய், அன்றைக்கு எந்தக் கடலுக்குப் போனாய் என்று கேட்டாள். ஷிமொட்சு என்றாள் சதாயே. மீன்காரர்கள் வலை காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் கல்படி இருக்கிறது, நடுவில் ஒரு படி உடைந்திருக்கும்.

"அங்க உக்காந்துட்டேன். படகு ஒண்ணு உள்ள வந்துச்சு. யார் படகோ என்னவோ. எனக்கு அழுகையா வந்துச்சு மினேயோ. எங்கப்பா செத்தப்பகூட நான் அப்படி அழுததில்ல."

மினேயோ அந்த உடைந்த படியை நினைத்துப் பார்த்தாள். அதில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் தொடையில் ஒரு தழும்பே உண்டு. படி நினைவுக்கு வந்தது, வலை நாற்றம் நினைவுக்கு வந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. பயந்துபோய் வீட்டுக்கு வந்தாள். நேர்வழியாகவே வந்தாள்.

மறுநாள் காலை கிசபுரோ கத்தியை வைத்தபோது அவள் கேட்டாள்.

"ஏங்க, மரத்துல எல்லாத்தையும் உரிச்சுடுவீங்களா?"

"அதெப்படி. குருத்துக்கிட்ட ரெண்டு மூணு அடுக்கு விட்டுடணும். இல்லன்னா பட்டுப்போகும்."

"எனக்கு எவ்வளவு விடுறீங்க?"

கத்தி நின்றது. முதுகில் ரத்தம் பொடித்திருந்த இடத்தை அவன் கட்டைவிரலால் துடைத்தான்.

"ரெண்டாவது தடவையே எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றான். "எடுக்க எடுக்க நீ பாலத்துக்குப் போறதில்ல. என்னைப் பார்த்துச் சாப்பிடுறே. பத்து வருஷமா நீ எந்த நேரம் கிளம்பிடுவியோன்னுதான் மரத்து மேல இருந்து பாலத்தையே பார்த்துட்டிருந்தேன். இப்ப பார்க்க வேண்டியதில்ல. எனக்கு அது புடிச்சிருந்துச்சு."

"உங்களைப் பார்த்துச் சாப்பிடுறது நான் இல்லீங்க."

"தெரியும்."

அவன் கத்தியைத் துடைத்து உறையில் போட்டான். ஏணியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் அவளைத் திரும்பி உட்காரச் சொல்லவில்லை. ஒகுனோ வந்து கெஞ்சியபோது, இந்த வருஷம் விளைச்சல் முடிந்தது என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டான்.

நார் மறுபடி வளர்ந்தது. ஆரஞ்சு அறுவடைக்குள் அடுக்கடுக்காக முழங்கால் வரை இறங்கிவிட்டது. மினேயோ சட்டைகளின் முதுகை வெட்டிவிட்டுப் போட்டுக்கொண்டாள். மழை அவள்மேல் விழுந்து வழுக்கி ஓடியது. சிட்டுகள் குளிருக்குப் பொந்தில் வைக்க இழை பிடுங்கிக்கொண்டு போயின. வழியில் பார்ப்பவர்கள், நல்லா வந்திருக்கு என்று விளைச்சலைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். கால் மறுபடி ஓரிடத்தில் நிற்க மறுத்தது. முன்பைவிட மோசமாக, உட்கார்ந்தால் எழுந்து, எழுந்தால் நடந்து, மலை முகடுகளை எல்லாம் அளந்துவிட்டு, கடைசியில் தினமும் ஸ்டேஷன் வரை போய் நிற்பாள். ரயில் வரும். கதவு திறக்கும், மூடும். அவள் திரும்பி வந்து உலை வைப்பாள். கஞ்சிக்கு யார் இருக்கிறார்கள், அத்தைக்கு இடுப்பு வலி, அவர் மலையிலிருந்து இறங்கும்போது வெந்நீர் வேண்டும். ஆசை இருந்த அளவுக்குப் பழக்கமும் இருந்தது. இரண்டும் அவளை ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. கிசபுரோ சாப்பிடும்போது கிண்ணத்தையே பார்த்தான்.

போனது தாட்சு. முதல் குளிர் இறங்கிய காலையில், ஒகுனோவுக்குக் கொடுக்காமல் கொட்டகை உத்தரத்தில் தொங்கவிட்டிருந்த மிச்சத் தவாஷிகளில் ஒன்றைக் கழற்றினாள். கைதவறி எடுத்தாள் என்று சொல்ல முடியாது, ஏணி போட்டு ஏறி எடுத்தாள். ஒரு முள்ளங்கியைக் கழுவினாள், அது வெள்ளையாகத்தான் இருந்தது, மறுபடியும் கழுவினாள். நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"அத்தை, அது என் நாரு," என்றாள் மினேயோ.

"பின்னே, தெரியாமலா தேய்ச்சேன்? முள்ளங்கியை நறுக்கி உப்புப் போட்டுடு."

அவள் பாலத்தைத் தாண்டுவதை இருவரும் பார்த்தார்கள். இடுப்பு வலிக்காரி மாதிரியே தெரியவில்லை. அன்று மாலைக்குள் வந்துவிடுவாள் என்று கிசபுரோ சொன்னான். வாரம் போயும் அதையே சொன்னான். பிறகு ஒருநாள் காலையில் அவனே சோறு வடித்து, உருண்டை பிடித்து, உப்பிலிட்ட கடுகிலையில் சுற்றி, மினேயோவின் முன் வைத்தான். அவளுடைய நாருக்கு மேல் கட்டிக்கொள்ள வசதியாகப் பையின் வாரை நீளமாக்கியிருந்தான்.

"நீ போய் அம்மாவைத் தேடு. நான் வந்தா ரெண்டாவது ஸ்டேஷன்லயே விழுந்துடுவேன்."

"கஞ்சி?"

"எனக்கும் கை இருக்கு."

ரயில் வந்தது, கதவு திறந்தது. மினேயோ ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காய்கறிக்காரி, நார் தன் மடியில் குத்தாமல் இருக்கக் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு, கைனான் வரை நன்றாகத் தூங்கினாள்.

தாட்சு எங்கே போயிருப்பாள் என்று மினேயோவுக்குத் தெரியும். ஆனால் ஷிமொட்சுக் கல்படியில் யாரும் இல்லை. அந்தக் கிழவியா, ஆரஞ்சுப் படகில் ஏறிப் போய்விட்டாள், படகுக்காரனுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே ஏறினாள் என்றார்கள். மினேயோ உடைந்த படியில் உட்கார்ந்தாள். அடுத்த படகு வந்தது. அப்போது அவளுக்குள் அசைந்தது, அவளுடையதேதான், அழுது முடித்து அவளும் படகில் ஏறினாள். ஒரு துறைமுகத்தில் தாட்சு நேற்றுத்தான் போனாள் என்றார்கள், அடுத்ததில் போன வாரம் என்றார்கள். தேடுவதற்காகப் போவதும் போவதற்காகத் தேடுவதும் ஒன்றாகிப்போய், ஒசாகா, கோபே தாண்டி, குளிர்காலம் தீர்ந்து, நாட்டின் மறுபுறக் கடலோரம், வாஜிமாவின் காலைச் சந்தையில்தான் மாமியாரைப் பிடித்தாள். தாட்சு தெருவோரம் பாய் விரித்து, யாருடைய தோட்டத்து நாரையோ கம்பியில் முறுக்கித் தவாஷி விற்றுக்கொண்டிருந்தாள். முகம் கறுத்துப் பத்து வயது குறைந்திருந்தது.

"வந்துட்டியாடி. நல்லதாப் போச்சு, இந்த ஊர் நாரு சகிக்கல."

"வீட்டுக்குப் போலாம் அத்தை. அவர் தனியா இருக்கார்."

"நீ போறதுன்னா போ. நான் இன்னும் பனியைப் பார்க்கல, இங்க வந்தப்ப கரைஞ்சுடுச்சு."

மினேயோ பாயின் மறுபுறம் உட்கார்ந்தாள். அந்த வருஷமும் போகவில்லை, அடுத்த வருஷமும் போகவில்லை. கோடையில் வடக்கே போனார்கள், குளிரில் வாஜிமாவுக்கு வந்தார்கள். தாட்சு பனி பார்த்தாள், போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாள். முதுகு நாரை மினேயோ கைக்கு எட்டிய மட்டும் தானே வெட்டிக்கொண்டாள். தாட்சு உரித்துவிடுகிறேன் என்றபோது மட்டும் விடவில்லை. தோள்பட்டைக்கு நடுவில் அடுக்கு மேல் அடுக்காக இறுகி, திரும்பிப் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. ஊரைவிட்டு வந்தது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கஞ்சி கொதிக்கும் வாசனை எங்கிருந்து வந்தாலும் உடம்போடு திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாம் ஆண்டு மழை தொடங்கிய ஒரு காலையில் கிசபுரோ சந்தைத் தெருவில் வந்து நின்றான். முகம் சாம்பலாக இருந்தது. சட்டை முழுக்க வாந்திக் கறை, செருப்பில் ஒன்றைக் காணவில்லை. தோளில் ஏணி இல்லாததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான்.

"எப்படிங்க வந்தீங்க?"

"ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இறங்கி, முதுகுல நார் இருக்கிற பொம்பளையைப் பார்த்தீங்களான்னு கேட்டேன். முடிஞ்ச வரைக்கும் ரயிலு, மிச்சம் நடை."

இவனையும் தன் நார்தான் இழுத்து வந்ததோ என்று மினேயோ நினைத்தாள். கொட்டகை உத்தரத்தில் இன்னும் சில தவாஷிகள் மிச்சம் இருந்தன.

"பானையை எதை வச்சுத் தேய்ச்சீங்க?"

"சாம்பலும் வைக்கோலும்," என்றான் கிசபுரோ. "உன்னோடதைத் தொடவே இல்ல. ரொம்ப பயமா இருந்துச்சு, மினே. வழி முழுக்கப் பயமா இருந்துச்சு."

அவள் பாயில் இருந்தவற்றை ஒதுக்கி இடம் பண்ணினாள், சட்டையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, தெருவுக்கு முகம் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். கிசபுரோ அவள் பின்னால் மண்டியிட்டு, நாரை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தான். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான்.

"எவ்வளவு விடட்டும்?"

"உங்களுக்குத்தான் தெரியுமே."

முதல் அடுக்கு ஈரமாகக் கழன்று வந்தது. மழை கொஞ்சம் வலுத்திருந்தது. குடை பிடித்த பெண்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி நின்று, இது இப்போதே விற்பனைக்கா, காய்ந்த பிறகா என்று கேட்டாள். காய்ந்த பிறகு என்றாள் தாட்சு, மகனைப் பார்த்து, சாப்பிட்டியாடா என்றாள். பக்கத்துப் பாயில் கணவாய் விற்பவள் மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்மா, உங்க நாரெல்லாம் என் மீன் மேல சொட்டுது. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காந்து உரிங்க."

மூவரும் தள்ளி உட்கார்ந்தார்கள்.